காற்று எச்சரிக்கை வந்தால் சைக்கிளை யார் நிறுத்துவார்கள்?

மார்கழிக் காலை ஆறேகால் மணிக்குக் கோவை ரேஸ்கோர்ஸில் பனி இன்னும் விலகியிருக்காது. குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக ஆட்கள் வட்டம் சுற்றிக்கொண்டிருப்பார்கள். போன மார்கழியில் ஒருநாள் எனக்கு முன்னால் நடந்த இருவரில் இளையவர் செல்போனைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நின்றார்.

“ஏனுங்ண்ணா, காத்து இன்னிக்கு நூத்தி முப்பத்தேழுன்னு போட்டிருக்குது. நடக்கலாமுங்களா?”

பெரியவர் தன் போனை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். “என்ற போன்ல எம்பத்தி மூணுதான் இருக்குது. உன்ற போனுக்கென்ன கண்ணு, காய்ச்சலா?”

சிரித்துவிட்டு இருவரும் நடந்தார்கள். இரண்டு போனும் பொய் சொல்லவில்லை. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் கணக்கில் 83 என்று வரும். ‘திருப்திகரம்’ என்று பச்சையில் காட்டும். அதே காற்றை அமெரிக்கக் கணக்கில் போட்டால் 137. ‘நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆகாது’ என்று ஆரஞ்சில் காட்டும். எந்தச் செயலி எந்த நாட்டுக் கணக்கைப் பிடித்திருக்கிறது என்று திரையில் பொடி எழுத்தில்கூடப் பல நேரம் இருக்காது. ஆக, காற்று எச்சரிக்கை மனிதர்களின் நடையை மாற்றுமா என்று கேட்பதற்கு முன்னால், அந்த எண் எதைச் சொல்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவின் தேசியக் காற்றுத் தரக் குறியீடு 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நுண்துகள், பெருந்துகள், ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்று எட்டு மாசுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டு, அவற்றில் எது மோசமோ அதையே ஊரின் எண்ணாக அறிவிப்பது அதன் முறை. 50 வரை நல்லது, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் கடுமை. பிஎம் 2.5க்கு நம் நாட்டு 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் வழிகாட்டு அளவை 15 ஆகக் குறைத்தது. நம் ‘திருப்தி’யின் உச்சி அவர்கள் சொல்லும் அளவைப்போல நான்கு மடங்கு. திருப்தி என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தவர் நல்ல மனசுக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

இதைவிட நடப்பவருக்கு முக்கியமான சங்கதி இன்னொன்று. துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரி. காலை ஏழு மணிக்குத் திரையில் தெரியும் எண்ணுக்குள் நேற்று மத்தியானம் அடித்த காற்றும் இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்குக் காந்திபுரத்தில் கிளம்பிய பஸ் புகையும் இருக்கிறது. இப்போது நான் மூச்சு வாங்கும் காற்று அதில் ஒரு சிறு பங்குதான். அதுவும் எந்த இடத்துக் காற்று? கோவை மாநகராட்சி 257 சதுர கிலோமீட்டர். தானியங்கிக் கண்காணிப்பு நிலையம் குறிச்சி சிட்கோவில் ஒன்று, பீளமேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் ஒன்று. திருப்பூருக்கும் சேலத்துக்கும் இதேபோலக் கல்லூரி வளாகம்தான். மரமும் மைதானமும் உள்ள வளாகத்தில் கருவியை வைத்துவிட்டு, உக்கடம் பஸ் ஸ்டாண்டு முன்னால் நிற்பவனுக்கு ‘உன் காற்று இது’ என்கிறோம். தானியங்கி வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் பழைய கைமுறை நிலையங்கள் வாரத்துக்கு இரண்டு நாள், ஆண்டுக்கு 104 முறை அளப்பவை. அவற்றின் கணக்கு ஆண்டறிக்கைக்கு உதவும். காலையில் செருப்பு மாட்டுகிறவனுக்கு உதவாது.

இப்போது எச்சரிக்கைக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களுக்கு எச்சரிக்கை என்றால் மழைதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற மூன்று நிறமும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே மனப்பாடம். காரணம், அந்த நிறத்தின் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. ராத்திரி முழுக்க ‘கலெக்டர் லீவு விட்டாச்சா?’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விட்டால் பள்ளி இல்லை, விடாவிட்டால் உண்டு. டெல்லியில் காற்றுக்கும் அப்படியொரு ஏற்பாட்டை 2017இல் கொண்டுவந்தார்கள். எண் ஒரு படி ஏறினால் கட்டட வேலை நிற்கும், அடுத்த படியில் லாரி நிற்கும், அதற்கும் மேல் போனால் பள்ளிகள் ஆன்லைனுக்குப் போகும். கொங்கு நாட்டில் காற்றின் எண்ணோடு எந்த முடிவும் கட்டப்படவில்லை. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர் எதுவும் இல்லை.

இல்லாததற்கு நியாயமும் உண்டு. இங்கே எண் பெரும்பாலான நாட்களில் நல்லது, திருப்தி, மிதமானது என்ற மூன்று படிக்குள்ளேயே நின்றுவிடும். தீபாவளி ராத்திரி, 2024 ஏப்ரலில் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து நாள்கணக்கில் புகைந்தது போன்ற சமயங்கள் விதிவிலக்கு. அபாய மணி அடிக்கும் உயரத்துக்கு எண் ஏறுவதே அபூர்வம் என்பதால் மணியே இல்லை. ஆனால் ‘மிதமானது’ என்ற படிக்கு அரசே எழுதிவைத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள்: நுரையீரல் நோய், ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு மூச்சுச் சிரமம் வரலாம். இன்ஹேலர் வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை அந்தப் படியிலேயே வந்திருக்க வேண்டும். யாரும் அனுப்புவதில்லை.

அனுப்பினால் என்ன ஆகும்? அனுப்பிப் பார்த்த ஊர்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சைக்கிள் பாதைகளில் எண்ணும் கருவிகள் உண்டு. அந்தக் கணக்கை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், காற்று எச்சரிக்கை விட்ட நாட்களில் சைக்கிள் ஓட்டம் 14 முதல் 35 விழுக்காடு வரை குறைந்தது தெரிந்தது. ஒரு அறிவிப்புக்கு இது பெரிய விளைவு. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஓசோன் எச்சரிக்கை விட்ட நாட்களில் மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் மறுநாளும் தொடர்ந்து எச்சரிக்கை வந்தபோது அந்தத் தயக்கம் ஏறக்குறையக் காணாமல் போய்விட்டது. ஒருநாள் தள்ளிப்போடலாம், இரண்டாம் நாளும் பிள்ளைகளை வீட்டில் அடைத்துவைக்க முடியுமா? டொராண்டோவில் உடல்நல விளைவுகளைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெளிவாகக் கிடைத்தது ஒன்றுதான்: ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு ஓடிவருவோர் குறைந்தார்கள்.

என்னைச் சிந்திக்கவைத்தது அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் கதை. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊர், குளிர்காலத்தில் புகை தேங்கிவிடும். ‘இன்று காரை எடுக்காதீர்கள்’ என்று அறிவித்த நாட்களில் போக்குவரத்தைக் கணக்கெடுத்தால், மலைப்பாதை தொடங்கும் ஊர் ஓரங்களில் வண்டிகள் கூடியிருந்தன. கீழே காற்று கெட்டிருக்கிறது என்றதும் ஆட்கள் காரை எடுத்துக்கொண்டு நல்ல காற்று தேடி மலையேறிவிட்டார்கள்! சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று நாலாபக்கமும் மலை, மேலே ஏற்காடு.

அந்த ஆய்வுகளில் வருகிறவர்கள் யார் என்று கவனித்தால் ஒன்று புரியும். மிருகக்காட்சிசாலைக்குப் போகிறவர், மலைக்குக் காரில் ஏறுகிறவர், சிட்னியில் சைக்கிளை வீட்டிலேயே வைத்துவிட்டு ரயிலில் போகக்கூடியவர். எல்லாரும் மாற்று உள்ளவர்கள். நம் ரேஸ்கோர்ஸிலும் வாலாங்குளம், உக்கடம் பெரியகுளக் கரைகளிலும் காலையில் நடப்பவர்கள் இந்த வகை. எச்சரிக்கை வந்தால் வீட்டு மொட்டைமாடியில் நடப்பார்கள், இல்லை ஜிம்முக்குப் போவார்கள், அன்றைக்கு விட்டுவிட்டாலும் சர்க்கரை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

காலை எட்டேகாலுக்குத் திருப்பூருக்கு வாருங்கள். பனியன் கம்பெனிக்குப் போகிற கூட்டம் வீதி நிறைய நடக்கும். கையில் தூக்குப்போசி, தோளில் பை, ஷால் மூக்குவரை ஏறியிருக்கும். சைக்கிள்களில் பாதிக்குப் பின் கேரியரில் இன்னொருவர். எட்டரைக்குப் பஞ்ச் வைக்காவிட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கோ தாமதமான ஒவ்வொரு நிமிஷமும் காசு. இவர்கள் போனுக்கு ‘இன்று வெளியே உடலுழைப்பைத் தவிர்க்கவும்’ என்று செய்தி போனால் என்ன செய்வார்கள்? சிரிக்கக்கூட நேரமிருக்காது. பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளும் அப்படியே. 2005 வாக்கில் எல்லா அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிவான இலவச சைக்கிள் திட்டம் வந்தபிறகு, நாலைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு அந்த அரசு சைக்கிள்தான் வழி.

மாற்று கொஞ்சம் உள்ள நடுவாந்திரக்காரர் ஒருவரும் இருக்கிறார்; கொங்கு நகரங்களில் கொள்கை வகுப்பவர்கள் பார்க்க வேண்டியது அவரைத்தான். சைக்கிளில் போகலாம் என்று நினைத்திருந்தவர், ‘காற்று சரியில்லை’ என்று படித்ததும் ஸ்கூட்டியை உதைப்பார். எச்சரிக்கை அவரைச் சாலையிலிருந்து அகற்றவில்லை; புகை குடிக்கும் பக்கத்திலிருந்து புகை விடும் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறது. கார் ஓட்டிக்கும் அதே செய்தி போய், அவர் வண்டியை நிறுத்தினால்தான் கணக்கு நேராகும். சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ‘ஸ்பேர் தி ஏர்’ என்று எச்சரிக்கை நாட்களில் காரை விட்டுவரச் சொல்கிறார்கள். சில ஆண்டுகள் பஸ், ரயிலில் இலவசமாகவே ஏற்றினார்கள். போக்குவரத்து குறைந்தது கொஞ்சம்தான், ஆனால் யாரை நிறுத்தச் சொல்ல வேண்டுமோ அவரைச் சொன்னார்கள். இங்கே டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. காற்று கெட்ட பத்துப் பதினைந்து நாளைக்கு ஆண்களையும் ஏற்றிக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும் என்பது என் சொந்த ஆதங்கம்.

சரி, கெட்ட காற்றில் நடந்தால், சைக்கிள் மிதித்தால், நன்மையைவிடத் தீமை அதிகமாகிவிடுமா? பயப்படுகிற அளவுக்கு இல்லை. மிதிக்கும்போது மூச்சு இரண்டு மூன்று மடங்காகிறது, உள்ளே போகும் துகளும் அதற்கேற்பக் கூடுகிறது, உண்மைதான். ஆனால் உடற்பயிற்சியால் வரும் லாபம் பெரிது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் 2016இல் வெளியான கணக்கு ஒன்று: ஆண்டு முழுக்கப் பிஎம் 2.5 சராசரி 100 மைக்ரோகிராம் உள்ள ஊரில்கூடத் தினமும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சைக்கிள் ஓட்டினால்தான் தீமை நன்மையைத் தாண்டும். நடையென்றால் பத்து மணி நேரத்துக்கு மேல். கோவையின் ஆண்டுச் சராசரி 100க்கு வெகு கீழே. அது நீண்டகாலக் கணக்கு, பொதுவான பெரியவர்களுக்கான கணக்கு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இன்று காலை இளைப்பு வரப்போகும் பிள்ளைக்கு அந்தச் சராசரி ஆறுதல் தராது.

ஆகவே இங்கே கேள்வி போகலாமா வேண்டாமா என்பதில்லை. எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில் என்பதுதான். இந்த இரண்டையும்தான் இன்றைய எண் சொல்லமாட்டேன் என்கிறது.

முதலில் நேரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த வாசல் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கொங்குச் சமவெளிக்குள் பாய்கிறது. பல்லடம், பொங்கலூர், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பது இதனால்தான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது புகை எங்கே தங்கும்? புழுதி கண்ணில் விழும். மற்றபடி அந்த நான்கு மாதமும் நடக்க நல்ல காற்று. கார்த்திகை பிறந்ததும் கதை மாறும். காற்று அடங்குகிறது, ராத்திரி தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டதுபோல உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சமயத்தில் ஒரு வீட்டு அடுப்புப் புகையைப் பாருங்கள்: மேலே போகாது, ஓட்டு மட்டத்தில் படுத்துக்கொண்டு அடுத்த வீதிக்கு நகரும். மருதமலைப் படியில் நின்று பார்த்தால் ஊர்மேல் சாம்பல் போர்வை போர்த்தியிருக்கும். வார்ப்படத் தொழிற்கூடத்துப் புகை, சாயப்பட்டறை பாய்லரில் எரியும் விறகு, டீசல், யாரோ கொளுத்திவிட்டுப் போன குப்பை எல்லாம் அந்த மூடிக்குள். வெயில் ஏறித் தரை சூடாகி ஒன்பதரை பத்து மணிக்கு மூடி திறக்கிறது. ஏழிலிருந்து ஒன்பது வரை, வண்டிகள் கிளம்பிவிட்ட பிறகும் மூடி திறக்காத அந்த இரண்டு மணி நேரம்தான் நாளிலேயே மோசமானது. பள்ளியும் ஷிப்டும் அதில்தான் விழுகின்றன. சாயங்காலம் ஏழுக்கு மேல் மூடி மறுபடி இறங்குகிறது.

தைப்பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். தாராபுரம் வழியும் பொள்ளாச்சி வழியும் வெறுங்காலோடு வருகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து உச்சிப்பொழுதில் மரத்தடியில் படுத்துவிட்டு ராத்திரியிலும் விடியலிலும் நடப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் காலுக்கும் தலைக்கும் பார்த்து வகுத்த நேரம் அது. மூச்சுக்கு அது தலைகீழ்: மூடி இறங்கிய நேரத்தில், லாரி ஓடும் நெடுஞ்சாலை ஓரத்தில்.

மாசி, பங்குனியில் இன்னொரு தலைகீழ். வெயிலில் வண்டிப்புகையின் வாயுக்கள் சேர்ந்து ஓசோன் உண்டாகிறது. அதன் உச்சம் மத்தியானத்துக்கு மேல். அதற்கு முகக்கவசமும் உதவாது, துகளைத் தடுக்கும் என்95 வாயுவைத் தடுக்காது. பள்ளி விட்டு நாலேகாலுக்கு வீடு திரும்பும் சைக்கிள் பிள்ளைகள் அந்த நேரத்துக்காரர்கள். குளிர்காலத்தில் ‘காலையில் வேண்டாம்’, கோடையில் ‘மத்தியானம் வேண்டாம்’ என்று இரண்டு வேறு அறிவுரைகள் தேவைப்படும் ஊருக்கு நாள் முழுவதற்கும் ஒரே எண்.

அடுத்தது தெரு. வண்டிப்புகையின் கரித்துகள் பெருஞ்சாலையை விட்டு நூறு, நூற்றைம்பது மீட்டர் தள்ளினாலே நன்றாகக் குறைந்துவிடும். அவிநாசி ரோட்டில் 10 கிலோமீட்டர் மேம்பாலம் கட்டிய வருஷங்களில் நான் ஹோப் காலேஜ் சிக்னலில் சைக்கிளோடு நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் பஸ், மேலே கான்கிரீட், கீழே மண். பச்சை விழுவதற்குள் நாக்கில் நறநறவென்று புழுதி. பிறகு மசக்காளிபாளையம் பக்கம் புகுந்து வீதி வீதியாகப் போகக் கற்றுக்கொண்டேன். ஐந்து நிமிஷம் கூடுதல்; இருமல் நின்றது. இதை எந்தச் செயலியும் எனக்குச் சொல்லவில்லை, மூக்கு சொன்னது.

கொங்கு நாட்டில் இப்படிப்பட்ட வழிக்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறது: இட்டேரி. காட்டுக்கும் காட்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கிளுவை வேலியோ கள்ளியோ நிற்க, மாட்டுவண்டி போகுமளவுக்கு அகலம். பல இட்டேரிகள் இன்று தார் போட்ட வீதிகளாகி, பெயர் மறந்து, லேஅவுட்டுகளுக்குள் ஒளிந்துகிடக்கின்றன. பல இடங்களில் பெருஞ்சாலைக்கு இணையாகவே ஓடுகின்றன. ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்கால் கரையும், பொள்ளாச்சி பக்கம் பிஏபி எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால் கரையும் அப்படித்தான். சைக்கிள் பாதை என்றதும் பெருஞ்சாலை ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்துத் தடுப்புக் கம்பம் நட்டுவைப்பதே வழக்கமாகிவிட்டது. புகை அதிகமுள்ள இடத்தையே தேடி மிதிக்கச் சொல்வதில் யாருக்கும் உறுத்தல் இல்லை.

நேரமும் இடமும் சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கை நடக்காத காரியமா என்றால், இதே ஊர்கள் ஒரு காலத்தில் அதைப் பார்த்தவைதான். 2012 வாக்கில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது எந்த ஏரியாவில் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், எப்போது வரும் என்பது டீக்கடை வரை தெரியும். திருப்பூர்க் கம்பெனிகள் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து ஷிப்டை முன்னே பின்னே நகர்த்தின. எட்டரை என்பதைச் சாமி வாக்காக யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. கரண்டாவது சில நாள் சொன்ன நேரத்துக்கு வராது. மார்கழிக் காற்றின் மூடி ஏறக்குறைய அதே மணிக்குத்தான் தினமும் திறக்கிறது.